அரபு நாடகம்: எங்கே தொடங்குவது, எப்படிப் பார்ப்பது

அரபு இலக்கியம் என்றால் நம் வாசகர்களுக்கு ஆயிரத்தொரு இரவுகள் தெரியும், நகீப் மஹ்ஃபூஸின் நாவல்கள் ஓரளவு தெரியும், மஹ்மூத் தர்வீஷின் கவிதைகளும் தெரியும். நாடகம் என்று கேட்டால் கையை விரித்துவிடுவோம். மொழிபெயர்ப்புகள் குறைவு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அறிமுகக் கட்டுரைகள் எல்லாம் ஒரே மாதிரி தொடங்குவது: அரபுகளிடம் 1847 வரை நாடகமே கிடையாது, அப்புறம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. இதைப் படித்ததும் பாதிப் பேருக்கு ஆர்வம் போய்விடும். நகல் எதற்கு, அசலையே பார்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும்.

ஆனால் அரபு நாடுகளில் நாடகம் பட்ட பாடு நகல் பட்ட பாடு போலத் தெரியவில்லை. இஸ்தான்புல்லிலிருந்து ஆணை வந்து ஒரு கொட்டகையை மூடியிருக்கிறார்கள். பார்த்து ரசித்துப் பட்டம் கொடுத்த மன்னரே இரண்டு வருடத்தில் கதவைச் சாத்தியிருக்கிறார். நாடகாசிரியர் தெருவில் சுடப்பட்டிருக்கிறார். யாருக்கோ உறுத்தாமல் இதெல்லாம் நடக்காது.

ஆகவே இங்கே வரிசையான வரலாறு கிடைக்காது. எதை முதலில் எடுப்பது, எதை அடுத்து, எதைத் தள்ளிப்போடலாம் என்று மட்டும் சொல்கிறேன். அரபு தெரிந்திருக்க வேண்டாம். ஆங்கில மொழிபெயர்ப்புகளும் யூடியூபும் இப்போதைக்குப் போதும். ஒன்றை மட்டும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். எந்த நாடகத்தை எடுத்தாலும் இரண்டு கேள்விகள்: எதிரே உட்கார்ந்து பார்த்தவர்கள் யார்? அதை நிறுத்தப் பார்த்தது யார்?

படி 1: யானையில் தொடங்குங்கள்

முதலில் படிக்க வேண்டியது, சிரியாவின் ஸஅதல்லாஹ் வன்னூஸ் 1969-இல் எழுதிய 'யானை, காலத்தின் அரசே!' என்ற குறுநாடகம். நான்கே காட்சிகள், ஒரே அமர்வில் முடித்துவிடலாம். மாணவர் குழுக்கள் நடித்த பதிவுகளும் இணையத்தில் கிடைக்கும்.

அரசனுடைய யானை ஊருக்குள் கட்டில்லாமல் திரிகிறது. பயிரை நாசம் செய்கிறது. ஒருநாள் ஒரு சிறுவனை மிதித்துக் கொன்றுவிடுகிறது. ஊர் பொருமுகிறது, அவ்வளவுதான். ஸகரிய்யா என்பவன் மட்டும், எல்லாரும் சேர்ந்து போய் அரசனிடம் முறையிடுவோம் என்கிறான். அடுத்த காட்சி முழுக்க ஒத்திகை. அவன் "யானை, காலத்தின் அரசே!" என்று எடுத்துக்கொடுக்க வேண்டும், ஊர் ஒரே குரலில் குறைகளை அடுக்க வேண்டும். முதலில் ஆளுக்கு ஒரு பக்கம் கத்துகிறார்கள். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்து ஒருவழியாகக் குரல் சேர்கிறது. அப்புறம் அரண்மனை. காவலர்களையும் பளபளப்பையும் பார்க்கப் பார்க்கக் கூட்டத்துக்குத் தொண்டை வறள்கிறது. கடைசியில் அரசன் முன்னால் நிற்கிறார்கள். "யானை, காலத்தின் அரசே!" என்கிறான் ஸகரிய்யா. பின்னாலிருந்து சத்தமே இல்லை. மறுபடியும் சொல்கிறான். ஒரு சிறுமி மட்டும் வாயைத் திறக்கிறாள். தாய் அவள் வாயைப் பொத்துகிறாள். என் யானைக்கு என்ன என்று அரசன் எரிச்சலோடு கேட்கிறான். ஸகரிய்யா அந்த இடத்திலேயே பேச்சை மாற்றுகிறான்: யானை என்றால் எங்களுக்கு உயிர், பாவம், தனியாக இருக்கிறது, அதற்கு ஒரு துணையைக் கட்டிவைத்தால் குட்டிகள் பெருகும், ஊரும் மகிழும். அரசனுக்குப் பரம சந்தோஷம்.

அத்தோடு நடிகர்கள் வேடத்தை விட்டுவிட்டு வரிசையாக நின்று பார்வையாளர்களைக் கேட்கிறார்கள்: யானைகள் ஏன் இருக்கின்றன, ஏன் பெருகுகின்றன என்று இப்போது தெரிகிறதா?

பலரும் கடைசிக் காட்சியைத்தான் பாராட்டுவார்கள். எனக்கு ஒத்திகைக் காட்சிதான் பெரிது. பயந்த ஒரு கூட்டம் சேர்ந்து பேசக் கற்றுக்கொள்ள முடியும் என்று அது காட்டுகிறது. கற்றுக்கொண்ட பாடம் நிஜமான படிக்கட்டில் கால் வைத்ததும் மறந்துபோகும் என்பதை அடுத்த காட்சிகள் காட்டுகின்றன. அரபு நாடகக்காரர்களுக்குத் தங்கள் தொழில் மீது இருந்த நம்பிக்கையும் சந்தேகமும் இந்தச் சின்ன நாடகத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

படி 2: கொட்டகைக்கு முந்தைய காலத்தை ஒரு பார்வை பாருங்கள்

ஒரு மாலைப்பொழுது போதும் இதற்கு. ஆனால் தவிர்க்க வேண்டாம், பின்னால் வருவதெல்லாம் இங்கே வந்து கடன் வாங்கும்.

மோசுலில் பிறந்து, மங்கோலியர் படையெடுப்புக்குப் பிறகு கெய்ரோவுக்கு வந்து கண் வைத்தியம் பார்த்தவர் இப்னு தானியால். 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மம்லூக் ஆட்சிக் காலத்தில், நிழல்கூத்துக்காக அவர் எழுதிய மூன்று நாடகங்கள் இன்றும் கையில் இருக்கின்றன. சுல்தான் பைபர்ஸ் மதுக்கடைகளையும் கேளிக்கைகளையும் ஒழித்துக்கட்டிய நேரம் அது. தானியால் என்ன செய்தார் தெரியுமா? சைத்தானாகிய இப்லீஸ் செத்துப்போனான் என்று ஒப்பாரி வைத்தார். நெறிமுறையைப் புகழ்கிறாரா, கேலி செய்கிறாரா என்று பிடிகொடுக்காத ஒப்பாரி.

1517-இல் உஸ்மானிய சுல்தான் முதலாம் ஸலீம் எகிப்தைப் பிடித்து, கடைசி மம்லூக் சுல்தான் தூமான் பாயை கெய்ரோவின் ஸுவைலா வாசலில் தூக்கிலிட்டார். கயிறு இரண்டு முறை அறுந்தது என்பார்கள். ஒரு நிழல்கூத்துக் கலைஞர் அந்தக் காட்சியை, கயிறு அறுந்தது உட்பட, ஸலீமின் முன்னாலேயே ஆடிக்காட்டினார். ஸலீம் ரசித்து வெகுமதி கொடுத்து, தன் மகன் பார்க்க வேண்டும் என்று இஸ்தான்புல்லுக்கு வரச் சொன்னாராம். வரலாற்றாசிரியர் இப்னு இயாஸ் எழுதிவைத்த செய்தி இது. எதிரே உட்கார்ந்திருந்தவர் யார் என்ற கேள்வியை இந்தச் சம்பவத்தில் போட்டுப் பாருங்கள்.

இதோடு இரண்டு உருவங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஹகவாத்தி: டமாஸ்கஸ் காபிக்கடைகளில் உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்து அந்தரின் கதையையும் பைபர்ஸின் கதையையும் இரவிரவாகச் சொல்பவர். இன்னொன்று ஹல்கா: மொரோக்கோ, அல்ஜீரியச் சந்தைகளில் கதைசொல்லியைச் சுற்றி மக்கள் நிற்கும் வட்டம். மராகேஷின் ஜமா அல்-ஃபனா சதுக்கத்தில் இன்றும் இதைப் பார்க்கலாம். ஷியா மக்களின் கர்பலா துயர நாடகமான தஅஸியாவும் உண்டு. அது தனிக் கடல், இப்போது இறங்க வேண்டாம்.

படி 3: பெய்ரூத், கெய்ரோ, டமாஸ்கஸ்: மூன்று பேரைச் சேர்த்துப் படியுங்கள்

சரி, இப்போது 1847-க்கு வரலாம். மாரூன் அல்-நக்காஷ் ஸைதாவில் பிறந்த மரோனைட் கிறிஸ்தவர், பெய்ரூத்தில் வணிகர். வியாபார விஷயமாக இத்தாலி போனவர் அங்கே ஓபராவையும் நாடகங்களையும் பார்த்தார். திரும்பி வந்து, பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் கஞ்சன் நாடகத்தை அடியொற்றி 'அல்-பகீல்' எழுதித் தன் வீட்டிலேயே மேடையேற்றினார். நாள் 1847 கடைசியா, 1848 தொடக்கமா என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு. பெண் வேடங்களையும் ஆண்களே கட்டினார்கள். நம் மக்களுக்குப் பாட்டு இருந்தால்தான் பிடிக்கும் என்று கணக்குப் போட்டு, நாடகம் நெடுகப் பாட்டைப் போட்டார். தொடக்க உரையில், ஐரோப்பியத் தங்கத்தை அரபு அச்சில் வார்த்துக் கொண்டுவந்திருக்கிறேன் என்றார்.

1850-இல் அவருடைய அடுத்த நாடகத்தைப் பார்த்த டேவிட் அர்க்கர்ட் என்ற பிரிட்டிஷ் பயணி ஒன்றைக் கவனித்து எழுதினார். மேடை விளிம்பில் விளக்கு வரிசை, வசனம் எடுத்துக்கொடுப்பவருக்கான பெட்டி எல்லாம் வைத்திருந்தார்கள். அவை அங்கே தேவையே இல்லை. ஐரோப்பாவில் பார்த்ததால் அவையும் நாடகத்தின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள் என்று அவருக்குச் சிரிப்பு. ஆனால் கதையைப் பாருங்கள்: அது ஆயிரத்தொரு இரவுகளிலிருந்து எடுத்தது, ஒரு நாள் கலீஃபாவாக ஆக்கப்படும் ஏமாளி அபுல் ஹஸன். பெட்டி இத்தாலியிலிருந்து வந்தது, உள்ளே இருந்தது பாக்தாத். பயணியின் கண் பெட்டியில் நின்றுவிட்டது.

அடுத்தவர் யாகூப் ஸனூஃ, கெய்ரோ யூதர். 1870-இல் அஸ்பகிய்யா தோட்டத்தில் எகிப்தியப் பேச்சுமொழியில் நாடகம் போட்டார். எகிப்தை ஆண்ட கெதிவ் (ஆட்சியாளர் பட்டம்) இஸ்மாயீல் அவரை "எகிப்தின் மோலியேர்" என்று அழைத்தார். 1872-இல் அதே கெதிவ் ஆட்சியில் நாடகம் நின்றது. பலதார மணத்தைக் கிண்டல் செய்ததுதான் காரணம் என்று ஒரு பேச்சு. அதிகாரிகளையும் ஆங்கிலேயரையும் சீண்டியது என்று இன்னொன்று. ஸனூஃ பிறகு பத்திரிகை நடத்தி, 1878-இல் நாடு கடத்தப்பட்டு, பாரிஸிலிருந்து கேலிச்சித்திரங்களால் கெதிவை வறுத்தெடுத்தார். அவருடைய நாடக நாட்கள் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவரே சொன்னது, ஆகவே கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் கேட்க வேண்டும். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. பலரோடு விளையாடி, கடைசியில் யாருமில்லாமல் நிற்கும் ஒரு பெண்ணோடு ஒரு நாடகத்தை முடித்திருக்கிறார். பார்வையாளர்கள் விடவில்லை. அவளுக்கு நல்ல மாப்பிள்ளை பார்த்துக் கட்டிவை, இல்லாவிட்டால் வரமாட்டோம் என்று அடம்பிடித்து முடிவையே மாற்ற வைத்துவிட்டார்கள்.

மூன்றாமவர் டமாஸ்கஸின் அபூ கலீல் அல்-கப்பானி. கவிஞர் நிஸார் கப்பானியின் குடும்பத்துப் பெரியவர். ஐரோப்பாவுக்குப் போனவர் இல்லை. இசையும் பாட்டும் ஆட்டமும் அறிந்தவர். சிரியாவின் ஆளுநராக இருந்த சீர்திருத்தவாதி மித்ஹத் பாஷா அவருக்குத் துணை நின்றார். பாஷா மாற்றலாகிப் போனதும் எதிர்ப்பு கிளம்பியது. ஸஈத் அல்-கப்ரா என்ற ஷேக் இஸ்தான்புல்லுக்கே போய் சுல்தான் அப்துல் ஹமீதிடம் முறையிட்டார்: பையன்கள் பெண் வேடம் கட்டுகிறார்கள், கலீஃபா ஹாரூன் ரஷீதையே மேடையில் நடமாட விடுகிறார்கள், ஒழுக்கம் போயிற்று. மூடச்சொல்லி ஆணை வந்தது. தெருச்சிறுவர்கள் கப்பானியைக் கேலி செய்து பாடிக்கொண்டு பின்னால் ஓடினார்களாம். 1884-இல் அவர் தன் குழுவோடு எகிப்துக்குக் கப்பலேறினார். அங்கே அவருக்குக் கூட்டம் சேர்ந்தது.

மூவரையும் ஏன் சேர்த்துப் படிக்கச் சொல்கிறேன் என்றால், இந்த 40 ஆண்டுகளில் வந்த தகராறுகள்தான் பிறகும் திரும்பத் திரும்ப வருகின்றன: எந்த மொழி, பெண் வேடம் யார் கட்டுவது, மதத்தலைவர் என்ன சொல்வார், ஆளுபவர் எதுவரை சிரிப்பார். சிரிய, லெபனானியக் கலைஞர்கள் ஏன் எகிப்துக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள் என்பதும் இதிலேயே விளங்கும். 1847-லேயே அல்ஜியர்ஸில் ஆபிரகாம் தனினோஸ் என்பவர் ஒரு அரபு நாடகத்தை அச்சிட்டுவிட்டார் என்பதால், முதல் நாடகம் யாருடையது என்ற சண்டையும் ஓய்ந்தபாடில்லை. புதியவர்கள் அந்தச் சண்டையில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

படி 4: காதை மொழிப் பக்கம் திருப்புங்கள்

அரபியில் எழுதும் மொழி ஒன்று, ஃபுஸ்ஹா. வீட்டில் பேசுவது வேறு, ஆம்மியா. இலக்கண நடைக்கும் பேச்சு நடைக்கும் நடக்கும் இழுபறி தமிழருக்குப் பழக்கமானது என்பதால் இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் அங்கே ஒரு சிக்கல் கூடுதல்: ஆம்மியா நாட்டுக்கு நாடு மாறும். கெய்ரோ பேச்சு சினிமாவின் தயவால் எல்லாருக்கும் புரியும். அல்ஜீரியப் பேச்சு குவைத்தில் விளங்காது. ஆகவே எந்த மொழியில் நாடகம் போடுகிறாய் என்றால், யாருக்குப் போடுகிறாய் என்றே அர்த்தம்.

இதைப் புரிந்துகொள்ள இரண்டு பேரைப் பாருங்கள். தவ்ஃபீக் அல்-ஹகீம் 1933-இல் வெளியிட்ட 'குகைவாசிகள்' குர்ஆனின் கஹ்ஃபு அத்தியாயத்தில் வரும் உறங்கியவர்களின் கதை. தமிழ் முஸ்லிம் வாசகர்களுக்குச் சட்டென்று பிடிபடும். 300 ஆண்டுக்குப் பிறகு விழித்தவர்கள், தங்களுக்கென்று ஒருவரும் இல்லாத உலகத்தில் வாழ முடியாமல் குகைக்கே திரும்புகிறார்கள். 1935-இல் எகிப்தின் தேசிய நாடகக்குழு தன் முதல் நாடகமாக இதைத்தான் மேடையேற்றியது. ஃபுஸ்ஹாவில் நீண்ட நீண்ட தத்துவப் பேச்சு, கூட்டத்துக்கு ஒட்டவில்லை. தன் நாடகங்கள் மனத்துக்குள் நடப்பவை என்று ஹகீமே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆனால் சும்மா இருக்கவில்லை. 1956-இல் நிலம் வாங்கப் போராடும் கிராமத்தாரைப் பற்றிய 'அல்-ஸஃப்கா'வில் "மூன்றாம் மொழி" ஒன்றை முயன்றார்: தாளில் படித்தால் இலக்கணம் பிசகாது, நடிகர் வாயில் பேச்சாக ஒலிக்கும். படிக்க 'குகைவாசிகள்' நல்லது, பார்க்க இது நல்லது.

இரண்டாமவர் அல்ஜீரியாவின் காதிப் யாஸீன். பிரெஞ்சில் எழுதிப் புகழ்பெற்ற நாவலாசிரியர். 1970-களில் பிரெஞ்சை ஒதுக்கிவிட்டு, நடிகர் குழுவோடு ஊர் ஊராகப் போய் அல்ஜீரியப் பேச்சு அரபியில் நாடகம் போட்டார். பிழைப்புக்காக பிரான்சுக்குக் கப்பலேறும் தொழிலாளர்களைப் பற்றிய 'முஹம்மத், பெட்டியை எடு' 1971-இல் வந்தது. பாரிஸில் தன்னைப் படித்தவர்களை விட்டுவிட்டு, படிக்கத் தெரியாத ஊராரை எதிரே உட்கார வைத்தார்.

படி 5: கெய்ரோவின் இமாதுத்தீன் தெருவை வேகமாகக் கடந்துவிடுங்கள்

நாடகக் கொட்டகைகள் நிறைந்த தெரு அது. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதி எகிப்திய நாடகம் பெயர்களால் நிரம்பி வழியும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஸலாமா ஹிஜாஸியின் பாட்டு நாடகம், பாரிஸில் படித்துத் திரும்பி 1912-இல் 'ஈடிப்பஸ்' போட்ட ஜார்ஜ் அப்யத், 1923-இல் ரம்ஸீஸ் குழுவைத் தொடங்கிக் கண்ணீரைப் பிழிந்த யூசுஃப் வஹ்பி, ஆங்கிலேயருக்கு எதிரான 1919 புரட்சிக் காலத்தில் நாடகப் பாட்டைத் தெருப்பாட்டாக்கிய ஸய்யித் தர்வீஷ்.

இவர்களில் ஒருவரிடம் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள்: நஜீப் அல்-ரீஹானி. 1916-இல் அவர் உருவாக்கிய கிஷ்கிஷ் பே ஒரு கிராமத் தலைவர். பருத்தி விற்ற பணத்தோடு கெய்ரோவுக்கு வந்து, மயக்கும் பெண்களிடம் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டுத் திரும்புவார். முதல் உலகப் போர்க்காலத்தில் பருத்தி விலை ஏறிய எகிப்தில் பார்வையாளர்கள் தங்களையே பார்த்துச் சிரித்தார்கள்.

பெண்கள் விஷயம் ஒன்று. தொடக்கத்தில் மேடையேறிய பெண்கள் பெரும்பாலும் சிரியக் கிறிஸ்தவர்கள், யூதர்கள். 1915-இல் முனீரா அல்-மஹ்திய்யா மேடையேறியது, எகிப்திய முஸ்லிம் பெண் ஒருத்தி வெளிப்படையாக நடிக்க வந்த முதல் நிகழ்வாகச் சொல்லப்படுகிறது. பிறகு அவர் தன் பெயரிலேயே குழு நடத்தினார்.

படி 6: 1967-க்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்

அவசரப்படாமல் படிக்க வேண்டிய இடம் இதுதான். 1950-60களில் நாஸரின் எகிப்து நாடகத்துக்குக் காசு கொடுத்தது, கொட்டகை கொடுத்தது, தணிக்கையையும் கூடவே கொடுத்தது. யூசுஃப் இத்ரீஸ் (இப்னு தானியால் போல இவரும் வைத்தியர்தான்) ஸாமிர் எனப்படும் கிராமத்து இரவுக் கேளிக்கைக் கூட்டங்களின் பாணியில் 1964-இல் 'அல்-ஃபராஃபீர்' எழுதினார். எஜமானும் வேலைக்காரனும் ஏன் அப்படி இருக்க வேண்டும் என்று வாதாடி, ஒவ்வொரு ஆட்சிமுறையாகப் போட்டுப் பார்த்துச் சலித்து, செத்தும் போகிறார்கள். செத்த பிறகும் விடிவில்லை: அணுக்களாக மாறி, எடை குறைந்த வேலைக்காரன் எஜமானைச் சுற்றியே சுழல வேண்டியிருக்கிறது. சுழன்றுகொண்டே, ஏதாவது வழி சொல்லுங்களேன் என்று பார்வையாளர்களைக் கெஞ்சுகிறான்.

1967 ஜூன் 5-ஆம் தேதி இஸ்ரேலோடு தொடங்கிய போர் ஆறே நாளில் அரபு நாடுகளின் தோல்வியில் முடிந்தது. சினாய், மேற்குக் கரை, காஸா, கோலான் எல்லாம் போயின. வானொலியோ வெற்றி வெற்றி என்று கத்தியிருந்தது. வன்னூஸ் உடனே எழுதியது 'ஜூன் 5-க்காக ஒரு அரட்டை விருந்து'. நாடகம் தொடங்க நேரமாகிறது. இயக்குநர் வந்து மன்னிப்புக் கேட்டு, போரைப் பற்றிய வீரகாவியம் ஒன்றை அளக்க ஆரம்பிக்கிறார். பார்வையாளர் வரிசையிலிருந்து ஒருவர் எழுகிறார். போரில் ஊரை விட்டு ஓடிவந்த கிராமத்தார் எழுகிறார்கள். நடந்தது அப்படியில்லை என்கிறார்கள். அரங்கமே விவாத மேடையாகிறது. முன்வரிசையில் இருந்த அதிகாரி ஆட்களைக் கூப்பிட்டு, பேசியவர்களைக் கைதுசெய்ய வைக்கிறார். எழுந்து பேசியவர்கள் நடிகர்கள்தான். ஆனால் பக்கத்து இருக்கைக்காரர் நடிகரா இல்லையா என்று தெரியாமல் ஓர் இரவு உட்கார்ந்திருப்பதை யோசித்துப் பாருங்கள். டமாஸ்கஸில் இதற்கு உடனே அனுமதி கிடைக்கவில்லை.

இதற்குப் பிறகு அவருடைய 'மம்லூக் ஜாபிரின் தலை'யைப் படியுங்கள். காபிக்கடையில் ஹகவாத்தியிடம் வாடிக்கையாளர்கள் வீரன் பைபர்ஸின் கதை கேட்கிறார்கள். அவர் அதற்கு இன்னும் முறை வரவில்லை என்று ஜாபிரின் கதையைச் சொல்கிறார். கலீஃபாவும் மந்திரியும் சண்டையிடும் பாக்தாதில், ஜாபிர் என்ற கெட்டிக்கார அடிமை மந்திரியின் ரகசியச் செய்தியைத் தன் மழித்த தலையில் எழுதச்சொல்லி, முடி வளர்ந்ததும் எடுத்துப் போகிறான். செய்தியின் கடைசி வரி, கொண்டுவருபவனைக் கொன்றுவிடு. நமக்கென்ன என்று இருந்த பாக்தாத் மக்களும் பிறகு அழிகிறார்கள்.

வன்னூஸ் நடுவில் பத்தாண்டு போல நாடகமே எழுதவில்லை. 1992-இல் புற்றுநோய் என்று தெரிந்தபின் வெறிபிடித்ததுபோல் எழுதினார். 1996 உலக நாடக தினச் செய்தியை எழுதும் வாய்ப்பு அவருக்கு வந்தது. அரபு நாடகக்காரர் ஒருவருக்கு அது முதல்முறை. நாம் நம்பிக்கைக்கு விதிக்கப்பட்டவர்கள் என்று அதில் எழுதினார். அடுத்த ஆண்டு இறந்தார். 2013-இல் பாரிஸின் தேசிய நாடக அரங்கமான கொமெதி ஃபிரான்ஸேஸ் தன் நாடக வரிசையில் சேர்த்த முதல் அரபு நாடகம் அவருடையதுதான்.

ஒரு மாற்றுக் கருத்தையும் இங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். அதே சிரியாவில் முஹம்மத் அல்-மாகூத்தும் நடிகர் துரைத் லஹ்ஹாமும் சேர்ந்து 1979-இல் 'காஸக் யா வதன்' (உன் நலத்துக்கு, தாய்நாடே) போட்டார்கள். போரில் இறந்து சொர்க்கத்தில் இருக்கும் தந்தையோடு நாயகன் தொலைபேசியில் பேசும் காட்சியை அரபு உலகமே மனப்பாடமாக வைத்திருக்கிறது. நாடு எப்படி இருக்கிறது என்று அப்பா கேட்கக் கேட்க, எல்லாம் நன்றாக இருக்கிறது, கொஞ்சம் மானம்தான் குறைகிறது என்கிறான். கூட்டம் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொள்ளும். இவ்வளவு கூர்மையானதை அந்த அரசு ஏன் அனுமதித்தது? மக்களின் கோபத்தைச் சிரிப்பாக இறக்கிவிட்டு வீட்டுக்கு அனுப்பும் வேலையைத்தான் இது செய்தது என்று விமர்சகர்கள் சொல்வார்கள். வன்னூஸின் நாடகத்தையும் இதையும் அடுத்தடுத்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். எனக்கு லஹ்ஹாமைப் பார்த்துச் சிரிப்பும் வரும், அந்தச் சந்தேகமும் கூடவே வரும்.

படி 7: மேற்கே போய் வட்டத்தில் உட்காருங்கள்

மொரோக்கோவில் தய்யிப் ஸித்தீகி 1967-இல் ஹல்கா வட்டத்தையே மேடைக்குக் கொண்டுவந்தார். ஆனால் வட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதை மிகத் தெளிவாகச் சொன்னவர் அல்ஜீரியாவின் ஓரான் நகரத்து அப்துல் காதிர் அலூலா. 1970-களின் தொடக்கத்தில் நிலச் சீர்திருத்தம் பற்றிய நாடகத்தோடு கிராமங்களுக்குப் போனார். லாரியில் செட் சாமான்கள். விவசாயிகள் எதிரே உட்காரவில்லை. நடிகர்களைச் சுற்றி உட்கார்ந்தார்கள். செட் மறைத்தது, ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். அப்போதும் சிலர் நடிகர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவமரியாதை இல்லை, நன்றாகக் காதில் விழ வேண்டுமென்று அப்படி. நாடகம் முடிந்ததும் வசனங்களைக் கிட்டத்தட்ட அப்படியே திருப்பிச் சொன்னார்கள். பார்க்கும் நாடகத்தை விட்டு, கேட்கும் நாடகத்தை எழுத வேண்டும் என்று அலூலாவுக்குப் பட்டது. 'சொற்கள்', 'நல்லவர்கள்', 'முகத்திரை' என்று 1980-களில் வந்த மூன்று நாடகங்கள் அப்படிப் பிறந்தவை. துப்புரவுத் தொழிலாளி, பள்ளிச் சமையல்காரர் போன்றவர்களின் கதைகள், பாட்டும் பேச்சுமாக. 1994 மார்ச் 10-ஆம் தேதி, ரமலான் மாதத்தில், ஓரானில் அவரைச் சுட்டார்கள்; நான்கு நாள் கழித்து இறந்தார்.

துனீசியாவில் 1976-இல் தொடங்கிய 'புதிய நாடகம்' குழுவையும், அதிலிருந்து வந்த ஃபாதில் ஜஆயிபி, ஜலீலா பக்கார் இணையையும் இதே வாரத்தில் பாருங்கள். பாலஸ்தீனத்தில் 1984-இல் கிழக்கு ஜெருசலேமில் எரிந்து கிடந்த ஒரு திரையரங்கைச் சீர்செய்து ஹகவாத்தி அரங்கம் திறந்தார்கள். ஜெனின் அகதி முகாமின் விடுதலை அரங்கம் 2006-இல் தொடங்கியது. அதை நடத்திய ஜூலியானோ மெர்-காமிஸை 2011 ஏப்ரலில் அரங்க வாசலருகே சுட்டுக் கொன்றார்கள்.

படி 8: யூடியூபில் பார்க்கும்போது

பெயர்களை ரோமன் எழுத்தில் தேடினால் ஆளுக்கு ஒரு எழுத்துக்கூட்டலில் இருக்கும், பாதிதான் அகப்படும். விக்கிப்பீடியாவிலிருந்து அரபு எழுத்துப் பெயரை எடுத்து ஒட்டித் தேடுங்கள்; பக்கத்தில் நாடகம் என்பதற்கான 'மஸ்ரஹிய்யா'வையும் அரபு எழுத்தில் சேர்த்தால் பேட்டிகள் விலகி நாடகங்கள் மேலே வரும்.

கண்ணீருக்கு இடைவேளையாக எகிப்திய வணிக நகைச்சுவைகளையும் பாருங்கள். 'மத்ரஸத் அல்-முஷாகிபீன்' (1973): அடங்காத மாணவர் கூட்டமும் ஓர் ஆசிரியையும். ஆதில் இமாம், ஸஈத் ஸாலிஹ் வாய்க்கு வந்ததைச் சேர்த்துப் பேசிப்பேசி நாடகம் மணிக்கணக்கில் நீண்டிருக்கிறது. நட்சத்திரம் நுழைந்ததும் கைதட்டல் ஓயும்வரை கதை நிற்கும். சக நடிகர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொள்வார். அதுவும் கணக்கில் சேரும். அரபுத் தொலைக்காட்சிகளில் பெருநாளுக்குப் பெருநாள் இதைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மாணவர்கள் கெட்டுப்போனதற்கே இந்த நாடகம்தான் காரணம் என்று புலம்புகிற ஆசிரியர்களும் குறைவில்லை. அறிஞர்கள் எழுதும் நாடக வரலாறுகளில் இதற்கு அரைப்பக்கம்கூடக் கிடைக்காது. கோடிக்கணக்கானோர் நாடகம் என்று அறிந்திருப்பது இதைத்தான்.

படி 9: வளைகுடாவில் இருந்தால் நேரில் போங்கள்

நம் ஆட்கள் லட்சக்கணக்கில் வளைகுடாவில் இருந்தும் அங்குள்ள அரபு நாடகத்துக்குப் போனவர்களைக் காண்பது அரிது. குவைத்தில் எகிப்திய இயக்குநர் ஸகீ துலைமாத் 1961-இல் வந்து குழு அமைத்ததிலிருந்து வலுவான மரபு இருக்கிறது. அப்துல் ஹுசைன் அப்துல் ரிதாவின் 'பை பை லண்டன்' (1981) எண்ணெய்ப் பணத்தோடு லண்டனில் கூத்தடிக்கும் குவைத்திகளைக் கிழித்துத் தொங்கவிடும்; பதிவு கிடைக்கிறது. அமீரகத்தில் ஷார்ஜா நாடக நாட்கள் 1984 முதல் நடக்கிறது, வழக்கமாக மார்ச் மாதத்தில். ஷார்ஜாவைத் தலைமையிடமாகக் கொண்ட அரபு நாடக அமைப்பு 2009 முதல், பெரும்பாலும் ஜனவரியில், வெவ்வேறு அரபு நகரத்தில் விழா நடத்துகிறது. விடுமுறையில் பயணம் போகிறவர்கள் கெய்ரோவின் பரிசோதனை நாடக விழாவையும் (செப்டம்பர் வாக்கில்), துனிஸின் கார்தேஜ் நாடக நாட்களையும் (ஆண்டின் கடைசியில்) குறித்துக்கொள்ளலாம்.

போவதற்கு முன் கதையைப் படித்துவிட்டுப் போங்கள். விழா நாடகங்கள் பெரும்பாலும் ஃபுஸ்ஹாவில் இருக்கும், மொழிபெயர்ப்பு வரிகளை எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு இரவுகள் இருந்தால் ஒன்று உள்ளூர் நாடகமாகவும் இன்னொன்று மொரோக்கோ, துனீசியா போன்ற தூரத்து நாட்டுடையதாகவும் தேர்ந்தெடுங்கள். இருக்கையைக் கொஞ்சம் பின்னால், ஓரமாகப் பிடித்தால் மேடையோடு கூட்டமும் கண்ணில் படும். எந்த வரிக்குச் சிரிப்பு, எந்த வரிக்கு அமைதி என்பது மொழி தெரியாமலேயே விளங்கும்.

கைதட்டல் முடிந்ததும் எழுந்து ஓடிவிடாதீர்கள். இந்த விழாக்களில் நாடகத்துக்குப் பிறகு கலந்துரையாடல் வைப்பது வழக்கம். இயக்குநரை மேடையில் உட்காரவைத்து, விமர்சகர்களும் மற்ற நாட்டுக் கலைஞர்களும் முகத்துக்கு நேரே நாடகத்தைப் பிரித்துப் போடுவார்கள். சில நாள் அது நாடகத்தைவிட நீளமாகப் போகும். அரபு தெரிந்த நண்பர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.